இரட்டைச் சில்லும் இரு தனி அட்டையும்: ஒரு விலை வரலாறு

மாட்டுச் சந்தையில் ஒற்றை மாட்டுக்கு ஒரு பேச்சு, சோடி மாட்டுக்கு வேறு பேச்சு. நிறமும் உயரமும் நடையும் ஒத்த சோடியாயின், விற்பவன் இரு மாட்டின் விலையோடு நின்றுவிடுவதில்லை; பொருத்தத்துக்கும் ஒரு விலை சேர்த்தே கேட்பான். வாங்குபவனோ, 'இரண்டையும் ஒருங்கே கொள்கின்றேன். குறைத்துக் கொடுப்பதுதானே முறை?' என்பான். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. துணியை மூடி விரல் பிடித்து முடிக்கப்படும் அந்த வழக்கு, இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் கணினிக் கடைத்தெருவுக்கும் வந்து சேர்ந்தது. ஒரே அட்டையில் இரு சில்லுகளைப் பதித்து விற்ற நிறுவனங்கள், அவ்வட்டைக்கு இரு தனி அட்டைகளின் விலையினும் குறைவாகக் கேட்பதுதான் முறையா, கூடுதலாகக் கேட்பதும் தகுமா என்பதே அவ்வழக்கு. 1998 முதல் 2019 வரை இருபத்தோராண்டுக் காலம் அது தீராமல் நடந்தது. வழக்காடியவர்களோ பெரும்பாலும் பல மாத ஊதியத்தில் மிச்சம் பிடித்து அட்டை வாங்கிய இளைஞர்கள்.

வரைகலை அட்டை என்பது கணினித் திரையில் தோன்றும் காட்சியை வரைந்து தரும் கருவி. முப்பரிமாண விளையாட்டுகளில் ஒவ்வொரு நொடியும் பல பத்துப் படங்கள் புதிதாய் வரையப்பட வேண்டும். அட்டையின் நடுவே அமர்ந்துள்ள சில்லே அதனை வரைகிறது. ஒரு சில்லு போதவில்லையெனில் இரண்டைப் பூட்டலாமே என்னும் எண்ணம் எளிதில் எழக்கூடியது. ஆனால் ஒரு படத்தை இருவர் வரைவது எங்ஙனம்?

வூடூவின் காலம்

இக்கேள்விக்குப் பொதுமக்கள் வாங்கக்கூடிய விலையில் முதல் விடை தந்தது அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் 1994இல் தோன்றிய திரீடிஎஃப்எக்ஸ் நிறுவனம். 1998இல் அது வெளியிட்ட வூடூ 2 அட்டைகள் இரண்டை ஒரு சிறு கம்பிப்பட்டையால் இணைத்தால், ஓர் அட்டை ஒற்றைப்படை வரிகளையும் மற்றது இரட்டைப்படை வரிகளையும் வரையும். தறியில் ஊடும் பாவும் போல இரண்டும் கலந்து திரையில் ஒரு படமாகும். தனி அட்டை 800க்கு 600 புள்ளிகள் வரையே வரையும். இணைந்த இரண்டும் 1024க்கு 768 வரை எட்டின. 12 மெகாபைட் நினைவகம் கொண்ட அட்டை ஒன்றின் விலை ஏறத்தாழ 300 அமெரிக்க வெள்ளி. எனவே இணைப்பின் விலை 600 வெள்ளி. இச்சில்லுகளை வாங்கித் தம் பெயரில் அட்டை செய்து விற்றவர்களுள் நம் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனமும் ஒன்று. ஒலி அட்டையால் உலகப் புகழ் பெற்ற அந்நிறுவனத்தின் பெயர் பொறித்த வூடூ 2 அட்டைகள் அந்நாளில் உலகெங்கும் விற்றன.

ஒரு நுட்பம் ஈண்டு கருதற்பாலது. அட்டைக்கு 12 மெகாபைட் எனின் இரண்டுக்கும் 24 மெகாபைட் என்று பெட்டிக் கணக்குச் சொல்லும். உண்மையில், பொருள்களின் மேற்பரப்பு ஓவியங்களை இரு அட்டைகளும் தத்தம் நினைவகத்தில் தனித்தனியே படியெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே பாடநூலை இரு மாணவர் ஆளுக்கொரு படி வாங்குவது போன்றது அது. நூல் இரண்டாயினும் பாடம் ஒன்றே. இந்த இரட்டிப்புக் கணக்கு இரட்டைச் சில்லு அட்டைகளின் வரலாறு முழுவதும் தொடர்ந்து வந்தது. பெட்டியின் மேல் கூட்டுத் தொகையே பெரிய எழுத்தில் அச்சிடப்பட்டது, பயன்பட்டது பாதியே.

இரு வூடூ 2 அட்டைகளையும் ஒரே பொருத்துமிடத்தில் அடக்கி, குவாண்டம் திரீடி என்னும் நிறுவனம் ஆப்சிடியன் 2 எக்ஸ்-24 என்ற அட்டையை அதே 1998இல் விற்றது. இரட்டை அட்டையா, இரு தனி அட்டையா என்னும் தேர்வு வீட்டுக் கணினி வாங்குவோர்முன் அப்போது தொடங்கியதெனலாம்.

அடுத்த ஆண்டின் இறுதியில் கனடாவின் ஏடிஐ நிறுவனம் ரேஜ் ஃபியூரி மேக்ஸ் என்னும் அட்டையைக் கொணர்ந்தது. இரு ரேஜ் 128 புரோ சில்லுகள். ஒவ்வொன்றுக்கும் 32 மெகாபைட். இதன் முறை வேறு. வரிகளைப் பங்கிடாமல் படங்களைப் பங்கிட்டது. முதற்படம் ஒரு சில்லுக்கு, அடுத்தது மற்றதற்கு, மூன்றாவது மீண்டும் முதற்சில்லுக்கு என மாறி மாறி வரைந்தன. பின்னாளில் இத்துறை முழுவதும் பின்பற்றிய முறை இதுவே. ஆனால் இவ்வட்டையை வாங்கியோருக்கு நேர்ந்ததை எண்ணினால் இரக்கமே மிகுகிறது. விண்டோஸ் 98இல் இரு சில்லுகளும் ஓடின. 2000இல் விண்டோஸ் 2000 வந்தது. அதில் ஒரு சில்லுதான் ஓடியது. இரண்டையும் ஓட்டும் இயக்கு மென்பொருளை நிறுவனம் வெளியிடவே இல்லை. இரண்டுக்கு விலை கொடுத்தவர் ஒன்றோடு நின்றார். அட்டை பழுதாகவில்லை, மென்பொருள் கைவிட்டதனால் அதன் பாதி செயலற்றுப் போயிற்று. தனி அட்டை இரண்டு வைத்திருப்பவன் இத்தகைய நாளில் ஒன்றையேனும் கழற்றி விற்பான். ஒட்டிப் பிறந்ததை வைத்திருப்பவன் என்செய்வான்?

திரீடிஎஃப்எக்ஸ் 2000ஆம் ஆண்டில் வூடூ 5 5500 அட்டையை ஏறத்தாழ 300 வெள்ளிக்கு விற்றது. அதில் விஎஸ்ஏ-100 என்னும் சில்லு இரண்டு இருந்தன. அதே சில்லு ஒன்றை மட்டும் கொண்ட வூடூ 4 4500 சில திங்கள் கழித்தே கடைக்கு வந்தது. எனவே இரட்டையை அளந்து பார்க்க ஒற்றையே சந்தையில் இல்லை. நான்கு சில்லுகள் கொண்ட வூடூ 5 6000 என்னும் அட்டையும் 600 வெள்ளிக்கு வரவிருந்தது. கணினியின் மின்வழங்கி அதற்குப் போதாதெனச் சுவரில் செருகும் தனி மின்கருவி ஒன்றையும் வடிவமைத்திருந்தார்கள். அது விற்பனைக்கு வரவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் அந்நிறுவனத்தின் உடைமைகளைப் போட்டியாளரான என்விடியா வாங்குவதாக அறிவிக்கப்பட்டது. என்விடியாவின் ஜீஃபோர்ஸ் 2 அட்டையில் இருந்ததோ ஒரே சில்லு. பலரைப் பூட்டுவதினும் ஒருவனை வல்லவனாக்குவதே மேல் என்று அன்று சந்தை தீர்ப்பளித்ததாகத் தோன்றிற்று.

தாய்ப்பலகையும் விலையில் சேரும்

தீர்ப்பு நிலைக்கவில்லை. தான் வாங்கிய நிறுவனத்தின் சுருக்கப்பெயரையே புதுப்பொருளில் எடுத்துக்கொண்டு, 2004இல் என்விடியா 'எஸ்எல்ஐ' என்னும் இணைப்பு முறையை மீண்டும் கொணர்ந்தது. இரு ஜீஃபோர்ஸ் 6 வரிசை அட்டைகளை இணைக்கலாம். ஆனால் அதற்குரிய தாய்ப்பலகை வேண்டும். 2008 வரையிலும் வீட்டுக் கணினிகளைப் பொறுத்தமட்டில் அத்தகைய பலகை பெரும்பாலும் என்விடியாவின் சொந்தச் சில்லுத்தொகுதி கொண்டதாகவே இருந்தது. ஆகவே 'இரு தனி அட்டைகளின் விலை' என்று சொல்லும்போது அப்பலகையின் விலையையும் கூட்டியாக வேண்டும். இதனைக் கூட்டாமல் செய்த கணக்குகளே அந்நாள் வாதங்களில் பெரும்பாலானவை.

தைவானின் ஜிகாபைட் நிறுவனம் இரு 6600 ஜிடி சில்லுகளை ஓர் அட்டையில் வைத்து 3டி1 என்று பெயரிட்டுத் தன் தாய்ப்பலகையோடு சேர்த்தே விற்றது. வேறு நிறுவனத்தார் பலகைகளில் அது ஓடாது. இத்தகைய அட்டை சிக்கனம் அன்று, கட்டிப்போடும் கயிறு. மாறாக, 2006 ஜூனில் 600 வெள்ளி அளவில் வந்த ஜீஃபோர்ஸ் 7950 ஜிஎக்ஸ்2, இரு பலகைகளை அடுக்கிய உருவமாயினும், ஒரே பொருத்துமிடம் உள்ள பொதுவான தாய்ப்பலகைகள் பலவற்றிலும் ஓடியது. அதனை வாங்கியவர் தனிப்பலகை வாங்கும் செலவை மிச்சம் பிடித்தார். அதன் சில்லுகளின் வேகம் 500 மெகாஹெர்ட்ஸ். அதே சில்லைத் தனியே கொண்ட 7900 ஜிடிஎக்ஸ் 650இல் ஓடியது. அதனால், குறைவாக ஓடும் இரண்டை நிறைவாக ஓடும் ஒன்றின் விலையோடு எங்ஙனம் ஒப்பிடுவது என்னும் கேள்வி புதிதாக எழுந்தது.

செய்பவர் கணக்கு

விலை நியாயத்தை ஆராயுமுன் செய்பவரின் செலவைச் சற்றே நோக்குதல் நலம். இரட்டை அட்டையில் ஒரு பலகை, ஒரு குளிர்விப்பான், ஒரு பெட்டி மிச்சம். இவற்றுக்கு மாறாக, இரு சில்லுகளையும் கணினியோடு இணைக்கும் பாலச் சில்லு ஒன்று தேவை. பலகை நீளமானதாகவும் பல அடுக்குகள் கொண்டதாகவும் அமைதல் வேண்டும். ஓரிடத்தில் குவியும் வெப்பத்தை அகற்றக் குளிர்விப்பானும் கனமானதாக வேண்டும். வரவும் செலவும் ஏறத்தாழ நேர்ப்படுகின்றன. ஆகவே இரு தனி அட்டைகளின் விலையே இயல்பான விலை என்று கொள்வதில் தவறில்லை.

2006இல் ஏடிஐ நிறுவனத்தை ஏஎம்டி வாங்கியது. புதிய உரிமையாளரின் கீழ் அதன் பொறியாளர்கள் ஒரு கொள்கையை வகுத்துக்கொண்டார்கள். மாபெரும் சில்லு செய்வதில்லை. நடுத்தரச் சில்லு செய்து, உச்சிக்கு வேண்டியபோது இரண்டைப் பூட்டுவது. சிலிக்கன் தகட்டில் எங்கோ ஒரு குறை விழுந்தால் அது விழுந்த சில்லு கெடும். சில்லு பெரிதானால் கெடுதலும் பெரிது. ஒரு தகட்டில் கிடைக்கும் எண்ணிக்கையும் குறைவு. 2008இல் என்விடியாவின் ஜிடி200 சில்லு 576 சதுர மில்லிமீட்டர் பரப்புடையதாய் இருந்தது. எதிர்நின்ற ஏஎம்டியின் ஆர்வி770 வெறும் 256. இரண்டைச் சேர்த்தாலும் அப்பெருஞ்சில்லின் பரப்பை எட்டா.

இக்கொள்கையின் முதற்கனி 2008 ஜனவரி 28ஆம் நாள் வந்த ரேடியான் எச்டி 3870 எக்ஸ்2. அதன் வெளியீட்டு விலை 449 வெள்ளி. இரண்டு திங்களுக்கு முன் வந்த தனி எச்டி 3870இன் விலை 219, இரண்டுக்கு 438. வேறுபாடு 11 வெள்ளி! சில்லின் வேகமோ குறைக்கப்படவில்லை. தனி அட்டையில் 775 மெகாஹெர்ட்ஸாக இருந்தது இதில் 825 ஆயிற்று. நினைவகம் மட்டும் சற்று மந்தமான வகை. பாலச் சில்லுக்கும் கூடுதல் வேகத்துக்கும் சேர்த்து 11 வெள்ளி என்பதை எவரும் கொள்ளை என்று சொல்லார்.

ஆகஸ்டில் வந்த எச்டி 4870 எக்ஸ்2 இன்னும் வியப்புக்குரியது. ஜூனில் தனி 4870 அட்டை 299 வெள்ளி, இரண்டுக்கு 598. இரட்டையின் விலை 549. மேலும், தனி அட்டையில் 512 மெகாபைட்டே இருக்க, இரட்டையில் சில்லு ஒன்றுக்கு ஒரு கிகாபைட் இருந்தது. குறைந்த விலைக்குக் கூடிய பொருள்! வள்ளன்மையால் இது நிகழவில்லை. என்விடியா ஜூனில் 649 வெள்ளிக்கு வெளியிட்ட ஜிடிஎக்ஸ் 280 அட்டை, தனி 4870இன் வருகையால் அடுத்த திங்களிலேயே 499 வெள்ளிக்கு இறங்கியிருந்தது. எதிரி அங்கே நிற்கும்போது இரட்டையை 600க்கு மேல் வைக்க ஏஎம்டியால் இயலாது. 2009 ஜனவரியில் என்விடியாவும் இரு சில்லுகளைப் பூட்டி ஜிடிஎக்ஸ் 295 என்று 499 வெள்ளிக்கே கொடுத்தது. வாங்குவோருக்கு அது பொற்காலம்.

முந்நூறு வாட் எல்லை

2009 நவம்பரில் வந்த எச்டி 5970 விலைக் கணக்கில் புதிய குழப்பத்தைக் கொணர்ந்தது. தாய்ப்பலகைப் பொருத்துமிடம் 75 வாட், ஆறு முனைச் செருகி 75 வாட், எட்டு முனைச் செருகி 150 வாட். ஆக 300 வாட்டே அட்டை ஒன்றுக்கு விதிமுறை அளித்த மின்சாரம். தனி எச்டி 5870 ஒன்றே 188 வாட் உண்ணும். இரண்டைப் பூட்டினால் எல்லை உடையும். எனவே சில்லுகளின் வேகத்தை 850இலிருந்து 725 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கி, மொத்தத்தை 294 வாட்டில் நிறுத்தினார்கள்.

இதன் விலை 599 வெள்ளி. தனி 5870 வெளியானபோது 379; இரண்டுக்கு 758. வேகக் குறைவு நூற்றுக்குப் பதினைந்து, விலைக் குறைவு நூற்றுக்கு இருபத்தொன்று. இவ்வாறு நோக்கின் வாங்குபவருக்கு இலாபம். ஆயின் 725 மெகாஹெர்ட்ஸ் என்பது தம்பி அட்டையான 5850இன் வேகம். அதன் வெளியீட்டு விலை 259, இரண்டுக்கு 518. அவ்வாறு நோக்கின் இரட்டைக்கு 81 வெள்ளி கூடுதல். எதனை அளவுகோலாகக் கொள்வது? சில்லின் உள்ளே இருந்த கணக்கீட்டு அலகுகள் 5870இற்குரிய முழு எண்ணிக்கை. ஓடிய வேகமோ 5850இன் வேகம். அண்ணனின் உடலும் தம்பியின் நடையும் கொண்ட உருவம் அது. இரு விலைகளுக்கும் இடையே 599 என்று வைத்ததில் ஒரு நேர்மை இருந்தது என்றே கூற வேண்டும்.

2011 மார்ச் திங்களில் இரு நிறுவனத்தாரும் ஒரே விலையில், 699 வெள்ளியில், மோதிக்கொண்டார்கள். ஏஎம்டியின் எச்டி 6990இல் வேகக்குறைவு 880இலிருந்து 830. தனி 6970 இரண்டின் விலை 738. வேகமும் விலையும் நூற்றுக்கு ஐந்தாறு என ஒத்தே குறைந்திருந்தன. தராசு முள் நடுவே நின்றது. ஆனால் 300 வாட் எல்லையை அது வெளிப்படையாகவே மீறி 375 வாட் கொண்டது. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 590 வேறு வழி சென்றது. தனி ஜிடிஎக்ஸ் 580 ஒன்றின் விலை 499, இரண்டுக்கு 998. இரட்டையின் 699 அதனினும் 299 வெள்ளி குறைவு! ஆயினும் 772 மெகாஹெர்ட்ஸில் ஓடிய சில்லை 607க்கு இறக்கியிருந்தார்கள். மலிவாகத் தோன்றியதில் பெரும்பகுதி, அடக்கி வைக்கப்பட்ட வேகத்தின் விலையே.

2012 மே திங்களில் அதே நிறுவனத்தின் ஜிடிஎக்ஸ் 690 வெளிவந்தது. தனி ஜிடிஎக்ஸ் 680 விலை 499, இரண்டுக்கு 998, இரட்டை 999. அடிப்படை வேகம் 1006இலிருந்து 915 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைந்தாலும், ஓட்டத்தில் எட்டும் உயர்வேகத்தில் வேறுபாடு சிறிதே. மின்தேவை 300 வாட்டுள் அடங்கியது. இரு தனி அட்டைகளுக்கு மிக அருகில் ஓடிய இரட்டை, அவற்றின் விலைக்கே விற்றது இதுவே எனலாம். கருவியை ஆராய்ந்து எழுதுவோருக்கு அதனை மரப்பெட்டியில் அடைத்து, திறப்பதற்கென ஒரு கடப்பாரையையும் அனுப்பினார்கள். ஆயிரம் வெள்ளிப் பொருளுக்கு ஆரவாரமும் வேண்டும்போலும்.

எண்ணிக்கை காட்டிய பொய்

இதுவரை கூறியவை எல்லாம், இரு சில்லுகள் இரு மடங்கு பயன் தரும் என்னும் நம்பிக்கையின் மேல் நிற்கின்றன. அந்நம்பிக்கையே ஆட்டங்கண்ட கதையை இனிக் காணலாம்.

மாறி மாறிப் படம் வரையும் முறையில் இரு சில்லுகளும் சீரான இடைவெளியில் படங்களைத் தருதல் வேண்டும். நடைமுறையிலோ ஒரு சில்லு படம் தந்த மறுகணமே மற்றதும் தந்துவிட்டு, பின் இரண்டும் ஒருங்கே காலந்தாழ்த்துவது உண்டு. நொடிக்கு அறுபது படம் என்று கருவி எண்ணும். கண்ணோ முப்பதின் தடுமாற்றத்தையே உணரும். இதனை விளையாடுவோர் பல்லாண்டுகளாக முறையிட்டு வந்தார்கள். எண்ணிக்கையில் அது தெரியவில்லை. 2011இல் டெக் ரிப்போர்ட் என்னும் அமெரிக்க இதழ் ஒவ்வொரு படத்துக்கும் ஆன நேரத்தைத் தனித்தனியே அளந்து வெளியிடத் தொடங்கியது. 2013இல் திரைக்குச் செல்லும் காட்சியையே பதிவு செய்து அளக்கும் முறை வந்தது. அதில் தெரிந்தது அதிர்ச்சி தரும் செய்தி. ஏஎம்டியின் இணைப்பில், இரண்டாம் சில்லு வரைந்த படங்களில் பல, திரையில் சில வரிகளே உயரமுள்ள கீற்றுகளாக வந்து மறைந்தன. அவையும் முழுப்படங்களாகவே எண்ணப்பட்டிருந்தன.

இச்செய்தி பரவிய அதே 2013 ஏப்ரலில் ஏஎம்டியின் எச்டி 7990 வந்தது. விலை 999 வெள்ளி. எட்டு விளையாட்டுகள் இலவசம். இலவசம் எத்துணையாயினும், இரண்டாம் சில்லின் உழைப்பு கீற்றாகப் போகுமெனின் எது நியாய விலை? அந்நாளில் அவ்வட்டையை வாங்கியவர் இரு சில்லுக்குப் பணம் செலுத்தி, பல விளையாட்டுகளில் ஒன்றைச் சற்றே கடந்த பயனையே பெற்றார். குறையைத் திருத்தும் முதல் மென்பொருள் ஆகஸ்டில் வந்தது. அவ்வாண்டு முடியுமுன் அட்டை 700 வெள்ளிக்கும் அதனினும் குறைவாகவும் இறங்கிற்று. ஏப்ரலில் வாங்கியவருக்கு ஆகஸ்டில் மென்பொருள் கிடைத்தது. முந்நூறு வெள்ளி திரும்பவில்லை. இதே குறை தனி அட்டைகள் இரண்டை இணைத்தவருக்கும் உண்டு என்பது உண்மையே. ஆனால் அவருக்கு ஒன்றைக் கழற்றும் உரிமை இருந்தது. முதலில் ஒன்றை வாங்கி, பயன் உறுதியானபின் இரண்டாவதை விலையிறங்கிய நாளில் வாங்கும் உரிமையும் இருந்தது. இந்த உரிமைக்கு ஒரு விலை உண்டு. இரட்டை அட்டை வாங்குபவர் அதனை விட்டுக்கொடுக்கிறார்; ஆகவே அவ்வட்டை இரு தனி அட்டைகளின் விலையினும் சற்றுக் குறைவாய் இருத்தலே முறை. 999க்கும் 998க்கும் நிகர் கண்டு மகிழ்ந்தவர்கள் இவ்வுரிமையைக் கணக்கில் கொள்ளவில்லை.

மூவாயிரம் வெள்ளி

2014இல் வழக்கு உச்சத்தை அடைந்தது. மார்ச் திங்கள் சான் ஹோசே மாநாட்டில் என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங், ஜிடிஎக்ஸ் டைட்டன் இசட் என்னும் அட்டையை அறிவித்தார். விலை 2999 வெள்ளி. அதே வகைச் சில்லு ஒன்றைக் கொண்ட டைட்டன் பிளாக் 999 வெள்ளி. இரண்டுக்கு 1998. இரட்டைக்கு மேலும் ஆயிரத்தொரு வெள்ளி! வேகமோ 889இலிருந்து 705 மெகாஹெர்ட்ஸாகக் குறைந்திருந்தது. ஐந்தில் ஒரு பங்கு குறைந்த வேகத்துக்கு ஒன்றரை மடங்கு விலை. துல்லியக் கணக்கீடு செய்யும் ஆய்வாளருக்கு ஒரு பெட்டிக்குள் கூடுதலான அட்டைகளை அடக்கும் வசதி உண்டென்று நிறுவனத்தார் சார்பில் கூறலாம். அதனை ஏற்றாலும் ஆயிரம் வெள்ளிக்கு அது மறுமொழியாகாது. ஒரு பொருத்துமிடத்துக்கு ஆயிரம் வெள்ளி வாடகை எவரும் கொடார்.

அவ்வட்டை கடைக்கு வருமுன்பே ஏப்ரலில் ஏஎம்டி ஆர்9 295எக்ஸ்2 அட்டையை 1499 வெள்ளிக்கு வெளியிட்டது. வேகம் குறைக்கப்படவில்லை. மூடிய குழாயில் நீரோடும் குளிர்விப்பான் உடன் இணைந்திருந்தது. 500 வாட் உண்ணும் அதற்கு இரு எட்டு முனைச் செருகிகளே இருந்தமையால், விதிமுறை என்னும் சொல் பொருளிழந்தது. தனி ஆர்9 290எக்ஸ் அறிமுக விலை 549; இரண்டுக்கு 1098. நானூறு வெள்ளி கூடுதல் என்பது மிகைதான். ஆனால் அக்காலத்தே மின்நாணயம் தோண்டுவோர் தனி அட்டைகளைக் குவித்து வாங்கியதால் கடை விலை அறிமுக விலையைக் கடந்து நின்றது. நீர்க்குளிர்விப்பானுக்கும் ஒரு விலை உண்டு. அவ்வாண்டு இறுதிக்குள் இரட்டையின் விலை 999 வெள்ளிக்கு இறங்கியபோதுதான் முள் நடுவுக்கு வந்தது.

இவ்விலைகளை வரிசைப்பட நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். செய்கூலி பெரிதும் மாறாதிருக்க, விலை மட்டும் ஏறியும் இறங்கியும் ஆடியது. ஏஎம்டி தன் தனிச்சில்லால் எதிரியின் உச்சியை எட்ட முடியாதிருந்த 2008இல் இரட்டை மலிவாயிற்று; அது உச்சியை எட்டும் ஏணி. ஏணிக்கு அதிக விலை கேட்க முடியாது. 2014இலோ இரட்டை என்பது உச்சியின் மேல் வைக்கும் முடி. முடிக்கு நியாய விலை ஏது? சில்லின் செலவு ஒருபுறமிருக்க, எதிரே யார் நிற்கிறார் என்பதே விலையை எழுதியது.

2016 ஏப்ரலில் ஏஎம்டி ரேடியான் புரோ டுவோ அட்டையை 1499 வெள்ளிக்குக் கொணர்ந்தது. அதே வகைச் சில்லுடைய ஆர்9 நானோ அப்போது 499க்கு விற்றுக்கொண்டிருந்தது. ஒரு திங்கள் கழிந்து 599 வெள்ளியில் என்விடியாவின் ஒற்றைச் சில்லு ஜிடிஎக்ஸ் 1080 வந்தது. அதன்பின் விளையாடுவோருக்கென இரட்டைச் சில்லு அட்டை எதனையும் இவ்விரு நிறுவனத்தாரும் செய்யவில்லை. 2015இல் வந்த டைரக்ட்எக்ஸ் 12, பல சில்லுகளை ஓட்டும் பொறுப்பை விளையாட்டை எழுதுவோரிடமே விட்டுவிட்டது. அவர்களுள் மிகச் சிலரே அதனை ஏற்றனர். முந்திய படத்தை நோக்கி அடுத்ததைச் செப்பனிடும் புதிய முறைகளும் பரவின. முந்திய படம் மற்றொரு சில்லின் நினைவகத்தில் கிடக்க, மாறி மாறி வரையும் முறை அவற்றோடு ஒத்துவரவில்லை. 2021 ஜனவரி முதல் நாளிலிருந்து பழைய அட்டைகளின் இணைப்புக்குப் புதிய மென்பொருள் வரையறைகள் எழுதுவதில்லை என என்விடியா அறிவித்தது. அத்துடன், ஜிடிஎக்ஸ் 690ஐப் பேணி வைத்திருந்தவரும் டைட்டன் இசட்டுக்கு மூவாயிரம் கொடுத்தவரும் புது விளையாட்டுகளைப் பொறுத்தமட்டில் ரேஜ் ஃபியூரி மேக்ஸ் வாங்கியவரின் நிலைக்கே வந்து சேர்ந்தார்கள்.

விளையாட்டுலகுக்கு வெளியே, 2019 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனத்தின் மேக் புரோ கணினிக்கான விலைப்பட்டியல் ஒன்று வெளியாயிற்று. அதில் ரேடியான் புரோ வேகா 2 தனி அட்டை ஒன்றுக்கு 2400 வெள்ளி கூடுதல். அவ்வட்டை இரண்டுக்கு 5200. இரு சில்லுகளும் ஒரே அட்டையில் உள்ள வேகா 2 டுவோவுக்கும் அதே 5200. இரு தனி அட்டையாயினும் ஓர் இரட்டை அட்டையாயினும் ஒரு வெள்ளி வேறுபாடும் இல்லை. இரண்டாவது சில்லுக்கு மட்டும், எவ்வழியில் வாங்கினும், முதலாவதைக் காட்டிலும் 400 வெள்ளி அதிகம்.